பம்பரத்தின் பாதித் தொடை

இயந்திரம் சுற்றத் தொடங்கியதும் பம்பரம் அண்ணன் அதன் மூடிமேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். பேச மாட்டார். யாராவது பேச வந்தால் வலது கையின் ஒரு விரல் மட்டும் உயரும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தகப்பனின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். உள்ளே சுழல்வது யாரோ ஒருவரின் ரத்தம். சுழலும் வேகத்தில் கனமான சிவப்பு கீழே இறங்கும், லேசான மஞ்சள் மேலே தங்கும். சத்தம் ஒரே சீராக வந்தால் அவர் தோள்கள் தளரும். கொஞ்சம் தடதடத்தாலும் போச்சு, உடனே நிறுத்திவிடுவார்.

"எதிர் வீட்டுக்காரர் கனம் சரியில்ல."

எதிர் வீட்டுக்காரர் என்பது ரத்தம் உள்ள குழாய்க்கு நேர் எதிரே வைக்கும், தண்ணீர் நிரப்பிய குழாய். இரண்டும் ஒரே எடையில் இருந்தால்தான் இயந்திரம் ஆடாமல் சுற்றும். "ஒரு வீட்டுக்கு ஒரு சொட்டு கூடக் கொடுத்துட்டா தெருவே ஆடிப்போயிடும்" என்பார். பிறகு எதிர் வீட்டுக்காரருக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றிச் சமாதானம் செய்து, மறுபடி மூடிமேல் கையை வைப்பார்.

மருத்துவமனை முழுக்க அவருக்குப் பெயர் பம்பரம். சுற்றுகிற இயந்திரத்தோடு பிழைப்பவர் என்பதால் வந்த பெயர். ஆளைப் பார்த்தால் பம்பரத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பருத்த உடம்பு, அசைந்தாடும் நடை. மாடி ஏறினால் ஒவ்வொரு தளத்திலும் நின்று அங்கிருப்பவர்களின் வீட்டு நிலவரம் விசாரிப்பார். நலம் விசாரிப்பதற்காக நிற்கிறாரா, மூச்சு வாங்குவதற்காக விசாரிக்கிறாரா என்பது இன்றுவரை தீராத சந்தேகம். பட்டப்பெயர் பற்றி அவருக்கு வருத்தமில்லை. "கூப்பிட்டா திரும்பிப் பார்க்கறேன்ல? அப்ப அது என் பேருதான்."

நான் அதே மருத்துவமனையில் கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். தீக்காயம் ஆறியவர்களின் விறைத்துப்போன விரல்களை மடக்க வைப்பது என் வேலை. அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது. நான் வார்டுக்குள் நுழைந்தால் பாதிப் பேர் தூங்குவதுபோல் நடிப்பார்கள். ஆறுதலுக்கு நான் ஒதுங்குகிற இடம் பம்பரம் அண்ணனின் ஆய்வகம். கீழ்த்தளத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னல் வைத்த அறை அது. கதவை அறைந்து சாத்தினால் அவருக்கு ஆகாது என்பதால் சட்டத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து ஒட்டியிருப்பார். வீட்டுக்குக் கிளம்பும்போது இயந்திரத்துக்குத் துணியைப் போர்த்தி, விளக்கை அணைத்துவிட்டு, "வரட்டுமா?" என்று அதனிடம் கேட்டுவிட்டுத்தான் வெளியேறுவார்.

அவர் செய்வது இதுதான். தீப்புண் வார்டில் இருக்கும் நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுப்பார்கள். அதை உறையாமல் பார்த்துக்கொள்ளும் குழாயில் கீழே அனுப்புவார்கள். பம்பரம் அண்ணன் அதை முதலில் மெதுவாகச் சுற்றுவார். சிவப்பு அடியில் படியும். மேலே நிற்கும் மஞ்சளை உறிஞ்சி வேறு குழாய்க்கு மாற்றி, இன்னொரு முறை வேகமாகச் சுற்றுவார். இப்போது அடியில் திரள்வது பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள். மேலே தெளிந்து நிற்பதில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, அடியில் மிஞ்சியதை அசைத்துக் கலக்கினால் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா தயார். அதில் சில சொட்டு கால்சியம் கரைசல் விட்டால் கூழ்போல உறையும். அதைப் புண்ணின்மேல் பூசுவார்கள்.

"நாம வெட்டிக்கிட்டா ரத்தத்தை நிறுத்தறவன்தான் பிளேட்லெட்னு எல்லாரும் நினைக்கறாங்க. அது அவனோட பாதி வேலை மேடம்," என்று ஒருமுறை எனக்குப் பாடம் நடத்தினார். "ஒவ்வொருத்தனும் மடியில ஒரு பொட்டலம் கட்டிக்கிட்டுத் திரியறான். காயம் பட்ட இடத்துக்கு வந்ததும் அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சிடுவான். உள்ள இருக்கறதுதான் வளர்ச்சிக் காரணி. 'தோலே, வா. ரத்தக் குழாயே, இந்தப் பக்கமா முளை'ன்னு கூவிக் கூப்பிடற சரக்கு. நம்ம வேலை என்ன? அங்கங்க திரியறவனை எல்லாம் ஒரே இடத்துல கூட்டறது. அவ்வளவுதான்."

மஞ்சளை உறிஞ்சும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே சவ்வுபோல ஒரு வெளுத்த படலம் இருக்கும். அதற்கு மயிரிழை மேலே நின்றுகொள்ள வேண்டும். கை நடுங்கினால் சிவப்பும் சேர்ந்து ஏறிவிடும். அவர் இடது கைக்காரர். அந்தப் பெரிய உடம்பில் அந்த இடது கை மட்டும் யாரோ ஒரு நகை ஆசாரியிடம் இரவல் வாங்கி வந்ததுபோல் இருக்கும்.

இவ்வளவு செய்தவர் ஒரு நாளும் தீப்புண் வார்டின் கதவைத் தாண்டியதில்லை. புண்ணைப் பார்த்ததில்லை. நோயாளி என்றால் அவருக்குக் குழாயில் ஒட்டிய பெயர்ச் சீட்டுதான். பெயரைப் பார்த்து, "இவருக்கு நல்ல கெட்டியான சரக்கு" என்றோ "இவங்க சரியாச் சாப்பிடறதில்லபோல" என்றோ சொல்வாரே தவிர, அந்த ஆள் தூங்குகிறாரா, அழுகிறாரா என்று கேட்டதில்லை. கூப்பிட்டால், "சுத்தறது மெஷினோட வேலை. அங்க வந்தா என் தலை சுத்தும்" என்று நழுவிவிடுவார். ஊசியும் அவருக்கு ஆகாது. ஊழியர்களுக்கு வருடாந்திரப் பரிசோதனை வரும் நாளில் அவருக்கு எங்கிருந்தாவது ஒரு தூரத்துச் சொந்தம் முளைத்து, அதற்கு ஒரு கல்யாணமும் வந்துவிடும். ரத்தம் எடுப்பது முழுக்க ஆய்வகத்தில் அவருடன் வேலை செய்யும் ஒரு பெண். அவரை எல்லோரும் தங்கச்சி என்று கூப்பிடுவோம். "அண்ணனுக்கு ரத்தம் பாட்டில்லயே விளையுதுன்னு நினைப்பு" என்று தங்கச்சி சொல்வார்.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வீட்டிலேயே மெழுகுவத்தி செய்து பரிசுப்பொருள் கடை ஒன்றுக்குக் கொடுத்துவந்தார். சிப்பி, பேரிக்காய், சுருண்டு தூங்கும் பூனை என்று அச்சு அச்சாக வைத்திருந்தார். பூனைதான் அதிகம் விலைபோகும். வாங்கியவர்கள் யாரும் அதைக் கொளுத்த மனம் வராமல் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள் என்பது அண்ணியின் பெருமையும் குறையும். "எரிச்சாத்தானே அடுத்தது வாங்குவாங்க?"

விடுமுறை நாள் மதியம் ஒன்றில் அந்த விபத்து நடந்தது. அண்ணி அச்சுகளைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, அவற்றுக்கு நடுவே வெறுங்காலோடு நின்றிருந்தார். உருகிய மெழுகுப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்துவந்தவர் அண்ணன். பாதி வழியில் கைப்பிடி கழன்றது. கையை விட்டிருந்தால் பாத்திரம் கீழே விழுந்திருக்கும், அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விடவில்லை. சாய்ந்த பாத்திரத்தை வலது கையிலிருந்த துணியோடு வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டார். வழிந்த மெழுகெல்லாம் இடது புறங்கையிலும் விரல்களிலும் இறங்கியது. கொதிக்கும் தண்ணீராவது வழிந்து ஓடிவிடும். மெழுகு ஓடாது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, தன் சூட்டை எல்லாம் அங்கேயே இறக்கிவிட்டுத்தான் ஆறும்.

ஏன் விடவில்லை என்று வார்டில் நான் கேட்டபோது, "நல்ல பாத்திரம் மேடம், நசுங்கிடும்ல?" என்றார். அவர் தூங்கிய பிறகு அண்ணி சொன்னார்: "என் கால் கீழ இருந்துச்சு."

அண்ணி பதறாமல் கையைக் குழாய் நீருக்கடியில் பிடித்து, வெகுநேரம் அப்படியே நிற்க வைத்திருக்கிறார். மெழுகைப் பிய்க்கவில்லை. அப்படியே மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். வெள்ளைக் கையுறை போட்டதுபோல் இருந்தது அந்தக் கை. களிம்பு தடவி மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். விரல்கள் ஓரளவு தப்பித்திருந்தன. புறங்கை தப்பவில்லை. காயம் ஆழம், தானாக ஆறக் காத்திருந்தால் தோல் சுருங்கி விரல்களை இழுத்துவிடும், தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்று தீப்புண் பிரிவின் மருத்துவர் சொன்னார். சுருக்கமாகப் பேசுகிற, ஆனால் கண்ணால் சிரிக்கத் தெரிந்த பெண்மணி.

இப்படித்தான் பம்பரம் அண்ணன் அந்த வார்டின் கதவைத் தாண்டினார், படுத்த நிலையில்.

மறுநாள் மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்தார். "ஒட்டற தோலுக்கு அடியில உங்க பிளாஸ்மாவை வைக்கலாம்னு இருக்கேன். தொடையில தோல் எடுக்கப்போற இடம் இருக்குல்ல, அதுலயும் வைப்பேன். ஆனா பாதிக்கு மட்டும். மறு பாதிக்கு வழக்கமான கட்டுதான். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே மாதிரிப் புண். அப்பதான் வித்தியாசம் இருக்கா இல்லையான்னு தெரியும். இப்படி இன்னும் பல பேர்கிட்ட பார்த்துட்டு இருக்கோம். உங்களுக்குச் சம்மதமா?"

"நல்லா ஆறிடுமா டாக்டர்?"

"உதவும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

அண்ணன் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். "அதுக்கு ரத்தம் எடுக்கணுமா?"

"எடுக்காமச் செய்ய வழி இருந்தா நீங்கதான் சொல்லணும்."

தங்கச்சி ஊசியோடு வந்தபோது நானும் இருந்தேன். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, நல்ல கையை ஏதோ அடுத்தவர் வீட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் நீட்டினார். ஊசி இறங்கியதும், "ஐயோ, வலிக்குதே தங்கச்சி!" என்றார். உண்மையான ஆச்சரியம் அந்தக் குரலில்.

"ஆமாண்ணே. எல்லாருக்கும் வலிக்கும்."

"நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

குழாய்கள் கீழே போன அடுத்த நிமிடம் படுக்கையிலிருந்து ஆய்வகத்துக்குத் தொலைபேசி பறந்தது. எதிர் வீட்டுக்காரர் கனம் பார்த்தாயா? மூடியில் கை வைத்துப் பார்த்தாயா? ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாயா? கடைசியில் தங்கச்சி, "அண்ணே, உங்க ரத்தம் நல்லபடியா சுத்திட்டு இருக்கு. நீங்க சுத்தாமப் படுங்க" என்று வைத்துவிட்டார். அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் வழியில் அந்தக் குழாயை அண்ணன் கண்ணில் காட்டினார். அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"லேசா சிவப்பு கலந்திருக்கு."

"உங்க ரத்தமாச்சே, சொன்னபடி கேக்குமா?"

அடுத்து வந்த நாட்களில் அந்தத் தொடைதான் வார்டின் பேச்சு. எந்தப் பாதியில் பிளாஸ்மா இருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. கட்டு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. மயக்கத்தில் இருந்தபோது பூசிவிட்டார்கள். தங்கச்சியைக் குடைந்தார். "சத்தியமாத் தெரியாதுண்ணே, வாசல்லயே வாங்கிக்கிட்டு என்னை விரட்டிட்டாங்க." நர்சுகளிடம் நைச்சியமாகப் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. பிறகு தானே துப்பறியத் தொடங்கினார். மேல் பாதி சும்மா கிடக்கிறது, கீழ்ப் பாதி மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் எரிகிறது என்று எல்லோரிடமும் அறிவித்தார். "மேல இருக்கறதுதான் நம்ம சரக்கு. எழுதி வச்சுக்கங்க." பக்கத்துக் கட்டில்காரர் கீழ்ப் பாதி என்று பந்தயம் கட்டினார். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது அவர் கட்சி.

இந்தக் கலகலப்பில் சேராத ஆள் அண்ணி ஒருவர்தான். தினமும் வருவார். சாப்பாட்டைப் பிசைந்து ஊட்டுவார். கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல், கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் விரல்களுக்குத் தாங்கு பட்டை பொருத்திக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னார்:

"ஏங்க, அந்தக் கைப்பிடியை மாத்தணும்னு நான் போன வாரமே நினைச்சேன்."

"நானும்தான் பார்த்தேன், ஆடுதேன்னு. அப்ப தப்புல ஆளுக்குப் பாதி."

அண்ணி சிரிக்கவில்லை. அச்சுகளை எல்லாம் பழைய பெட்டியில் போட்டுக் கட்டிலடியில் தள்ளிவிட்டதாகவும், இனிமேல் கிடையாது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டதாகவும் எனக்குத் தாழ்வாரத்தில் சொன்னார். "அவர் கை மட்டும் பழையபடி வரட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கட்டுப் பிரிக்கும் நாளில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். மருத்துவர் ஈரப்படுத்தி, பொறுமையாகத் துணியை உரித்தார். மேல் பாதி இளஞ்சிவப்பாக, புதுத்தோல் மூடி, பளபளவென்று இருந்தது. கீழ்ப் பாதியில் இன்னும் அங்கங்கே ஈரம், பட்டால் துடிக்கும் சிவப்பு. நடுவே கோடு கிழித்ததுபோல் எல்லை. அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மருத்துவரின் முகத்தைப் பார்த்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் முகம்.

"மேல் பாதிதான்," என்றார் மருத்துவர்.

வார்டே கைதட்டியது. பக்கத்துக் கட்டில்காரர் பந்தயத்தில் தோற்ற ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிப் போட்டார். மருத்துவர் மட்டும், "ஒரு தொடையை வச்சு ஊருக்கு நியாயம் சொல்ல முடியாது. இன்னும் நிறையத் தொடை பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் கண்ணால் சிரித்தார்.

கையிலும் தோல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் என் முறை. புண் ஆறுவது ஒரு பாதி என்றால், ஆறிய தோல் விரல்களை விறைக்க விடாமல் தடுப்பது மறு பாதி. பம்பரம் அண்ணன் நான் பார்த்ததிலேயே மோசமான நோயாளி. விரலை மடக்கச் சொன்னால் என் பள்ளிக்கூடம், என் தம்பி, என் சம்பளம் எல்லாவற்றையும் விசாரிப்பார். "நேத்து மடக்கினேனே, அதுல பாதி இன்னைக்கு வரவு வச்சுக்கக் கூடாதா?" என்பார். ஆனால் தனியாக இருப்பதாக நினைக்கும்போது இடது கை விரல்களை எதிரே நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கப் பார்ப்பதை நான் கண்ணாடிக் கதவு வழியாகக் கவனித்திருக்கிறேன். சேரும், ஆனால் அழுத்தம் இருக்காது. உறிஞ்சுகுழலின் தலையை அமுக்கி, மெல்ல விட்டு, ஒரு மயிரிழையில் நிறுத்த வேண்டிய கை அது. அப்போது அவர் முகத்தில் விளையாட்டு இருக்காது.

தோல் கெட்டிப்பட்டு, சூடு தாங்கும் நிலைக்கு வந்த பிறகும் விரல்கள் ஒரு எல்லைக்கு மேல் மடங்கவில்லை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நான் அடுத்த வழிக்குப் போனேன். விறைத்த கைகளுக்கு எங்களிடம் ஒரு பழைய சிகிச்சை உண்டு. இளஞ்சூட்டில் உருக்கி வைத்த மெழுகில் கையை முக்கி எடுப்பது. எனக்கு அது அன்றாட வேலை. தொட்டியின் மூடியைத் திறந்து ஆவியும் வாசனையும் எழுந்த பிறகுதான், எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பது எனக்கு உறைத்தது.

"இது என்ன மேடம்?" அண்ணன் குரல் இறங்கியிருந்தது.

"மெழுகுதான் அண்ணே. பயப்படாதீங்க, இதமான சூடு. விறைப்பு தளரும்."

"உலகத்துல வேற வைத்தியமே கண்டுபிடிக்கலையா?"

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். இடது கை தானாக மடியில் போய் ஒளிந்துகொண்டது. அன்றைக்கென்று அண்ணியும் கூட வந்திருந்தார். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வெளியே போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மூடியை மறுபடி போடப்போனேன்.

அண்ணி தொட்டியருகே வந்து குனிந்து முகர்ந்தார்.

"எண்ணெய் கலந்திருக்கா?"

"ஆமா அண்ணி. கலந்தாத்தான் குறைஞ்ச சூட்டுலயே இளகும்."

"நான் ஊத்தறது இதைவிட ரொம்பச் சூடு," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. வளையலைக் கழற்றி மேசையில் வைத்தார். புறங்கையில் ஒரு சொட்டை விட்டுப் பார்த்தார். பிறகு நான் சொல்லாமலே தன் இடது கையை மணிக்கட்டுவரை மெழுகில் இறக்கி, தூக்கி, ஆறவிட்டு, மறுபடி இறக்கினார். வெள்ளையாக ஒரு தோல் அவர் கைமேல் படிந்தது. அதைக் கணவர் முன்னால் நீட்டினார்.

"சுடலைங்க. வாங்க."

அண்ணன் மெழுகைப் பார்க்கவே இல்லை. மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியில் ஒளிந்திருந்த கையை எடுத்து, அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அதன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இறக்கினார். அவர் மூச்சை அடக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "அட," என்றார். "இதமாத்தான் இருக்கு."

இருவர் கைகளையும் துண்டில் சுற்றி வைத்தேன். பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப்போல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சூடு இறங்கியதும் அண்ணனின் கையிலிருந்து மெழுகை உரித்தவர் அண்ணிதான். உரிக்கிற கை பழகிய கை. ஓரத்தை நெகிழ்த்தி, விரல் விரலாக இளக்கி, கிழியாமல் முழுக் கையுறையாகக் கழற்றிவிட்டார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவிரல்ல காத்துக் குமிழி. கடைக்குக் கொடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

அண்ணன் வெடித்துச் சிரித்தார். அண்ணியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்த நேரம் பார்த்து நான் அவர் விரல்களைப் பிடித்து மடக்கினேன். சிரிப்பில் எதிர்க்க மறந்துவிட்டார். உள்ளங்கையைத் தொட்டன மூன்று விரல்கள். சுண்டுவிரல் மட்டும் வரவில்லை.

இன்றுவரை அது வரவில்லை. "எல்லாரும் உட்கார்ந்தாச்சு, இவன் ஒருத்தன் மட்டும் கேள்வி கேக்கற மாதிரி எழுந்து நிக்கறான்" என்று அதை அறிமுகப்படுத்துகிறார். வேலைக்குத் திரும்பிய புதிதில் உறிஞ்சுகுழலைத் தங்கச்சியிடமே விட்டுவிட்டு, தான் கழுவுவதும் துடைப்பதுமாக இருந்தார். வெறும் தண்ணீரையும் சாயத்தையும் வைத்துப் பழகினார். சிவப்பு ஏறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் நான் போனபோது ஜன்னலருகே குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தார். கலங்கலில்லாத வைக்கோல் மஞ்சள். என்னிடம் காட்டினார். நான் தலையாட்டினேன். தங்கச்சிதான், "என் கையில கலந்த சிவப்பு மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்?" என்று பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

வீட்டில் கட்டிலடியிலிருந்து பெட்டி வெளியே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் காது வைத்த புதுப் பாத்திரம் வாங்கியாயிற்று. பூனைகள் மறுபடி கடைக்குப் போகின்றன. அண்ணி இப்போது செருப்பில்லாமல் அடுப்பருகே போவதில்லை. "சமையல்கட்டு வாசல்ல எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கா. அதைத் தாண்ட அனுமதி இல்ல" என்று அண்ணன் புகார் சொல்கிறார், ஏதோ விருது வாங்கியவர்போல.

தொடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதங்கள் போனதும் இரண்டு பாதியும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. எல்லைக் கோடு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ஒன்றாகத்தானே ஆனது, ஏமாற்றமாக இல்லையா என்று கேட்டேன்.

"கடைசில ஒண்ணாத்தான் ஆச்சு மேடம். ஆனா கீழ்ப் பாதி எரிஞ்சுக்கிட்டு இருந்த நாளெல்லாம் மேல் பாதி என்னை நிம்மதியா விட்டுச்சு. படுத்துக் கிடக்கறவனுக்கு அது சின்ன விஷயம் இல்ல. நான் இத்தனை வருஷமா அனுப்பினது இதைத்தான்னு எனக்கே இப்பத்தான் தெரியும்."

இப்போதெல்லாம் குழாயை யாரிடமும் கொடுத்தனுப்புவதில்லை. தானே எடுத்துக்கொண்டு மேலே வருகிறார், வழக்கம்போல் தளத்துக்குத் தளம் விசாரணைகளோடு. வார்டில் கட்டில் கட்டிலாக நின்று, தூக்கம் வந்ததா, எரிகிறதா, யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்கிறார். வலியே இல்லை என்று யாரிடமும் சொல்வதில்லை. "வலிக்கும். ஆனா போயிடும்" என்கிறார்.

சென்ற வாரம் சலவை நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தாள். நீராவி இஸ்திரி இயந்திரத்தில் வலது முன்கை மாட்டி வெந்திருந்தது. காலையில் தங்கச்சி ரத்தம் எடுத்தபோது அழுது ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறாள். நான் தாங்கு பட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது பம்பரம் அண்ணன் மஞ்சள் நிறைந்த குழாயோடு வந்து நின்றார். அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"வெந்ததும் இல்லாம, இருக்கற ரத்தத்தையும் உறிஞ்சிட்டுப் போனாங்க. இப்ப இது என்ன புது மருந்து? எங்கிருந்து வருது? யாரு செஞ்சது?"

பொட்டலம், கூவி அழைப்பது, முளைக்கும் ரத்தக் குழாய் எல்லாம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். குழாயின் மூடி இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை திருகிப் பார்த்தார். பிறகு அவளுடைய காயமில்லாத கையை மெல்ல இழுத்து விரித்து, அவள் பெயர்ச் சீட்டு ஒட்டிய குழாயை அந்த உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்து மூடினார்.